சுவர் சுவிட்சுக்கு எதற்கு பேட்டரி? ஸ்மார்ட் டச் பேனல்கள் பாதியில் கைவிடுவது ஏன்

ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தில் அப்பாவும் அம்மாவும். மகன் பாரிஸில். போன லீவுக்கு வந்தபோது, "இனிமே நீங்க எழுந்து சுவிட்ச் தேட வேண்டாம்பா" என்று ஹால், படுக்கையறை, பாத்ரூம் வாசல் என எல்லா இடத்திலும் கண்ணாடி போலப் பளபளக்கும் டச் பேனல்களை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒயர் கிடையாது. சுவரை உடைக்கவில்லை. இரண்டே நாளில் வேலை முடிந்தது.

ஆறு மாதம் கழித்து, ஒரு மார்கழி ராத்திரி 2 மணி. அப்பா பாத்ரூம் போக எழுகிறார். சுவரைத் தொடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொடுகிறார், அழுத்துகிறார், தட்டுகிறார். வீட்டில் கரண்ட் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் சத்தம் கேட்கிறது. விளக்கு மட்டும் எரியவில்லை. அப்போது பாரிஸில் இரவு ஒன்பதரை மணி. மகனின் ஆப்பில் அந்தப் பேனலுக்கு நேரே பேட்டரி 64 சதவீதம் என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இது கற்பனை வீடு. ஆனால் ஒயர்லெஸ் பேனல் மாட்டியவர்களில் பலருக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. "செல் போயிருக்கும், மாத்திடுங்க" என்பதோடு விற்றவர் கடமை முடிந்துவிடுகிறது. மாற்றினால் மூன்று மாதம் ஓடும். பிறகு அதே கதை.

உழவர்கரைக்கு இது ஏதோ பெருநகரப் பணக்காரர் பிரச்சினை அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் தனி கம்யூனாக இருந்த ஊர். இன்று லாஸ்பேட்டை, கோரிமேடு, மூலக்குளம் எல்லாம் சேர்ந்த நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சம் பேர். பக்கத்துப் புதுச்சேரி நகராட்சியைவிட அதிகம். ஜிப்மரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமையோடு ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயும் வைத்திருக்கும் குடும்பங்கள், பிள்ளைகளை சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெற்றோர்கள் இங்கே நிறைய. வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசைக்கு விற்கப்படும் பொருளில்தான் கோளாறு.

கோளாறு பேட்டரியில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பேட்டரியே தேவைப்படாத இடத்தில் பேட்டரியைக் கொண்டுவந்து வைத்ததுதான் கோளாறு.

தொடுவதால் செல் தீர்வதில்லை

ஒயர்லெஸ் பேனல் என்பது சுவிட்சே அல்ல, ரிமோட். டிவி ரிமோட்டைச் சுவரில் ஒட்டியது போல. நீங்கள் தொட்டால் அது ஒரு ரேடியோ செய்தி அனுப்பும். விளக்குக்கு அருகிலோ, சீலிங்கிலோ, பல்புக்குள்ளேயோ இருக்கும் இன்னொரு கருவி அதைக் கேட்டு விளக்கைப் போடும். அந்தக் கருவிக்கு வீட்டு மின்சாரம். பேனலுக்கு மட்டும் செல்.

சிறிய பேனல்களில் பெரும்பாலும் இருப்பது சிஆர்2032 என்ற காசு வடிவ லித்தியம் செல். மூன்று வோல்ட். கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி. உங்கள் போன் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு 50 முறை பட்டனை அழுத்துகிறீர்கள். ஒவ்வொரு முறையும் ரேடியோ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் விழித்து, 15 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 0.02 மில்லி ஆம்பியர் மணிதான் செலவு. அந்தக் கணக்கில் செல் 25 வருடத்துக்கு மேல் வர வேண்டும். தானாகக் கசிந்து வீணாவதைக் கழித்தாலும் பல வருடம் தாங்கும்.

பிறகு ஏன் மூன்றே மாதத்தில் தீர்கிறது? தொடாத நேரத்தில் அந்தப் பேனல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

சாதாரண பட்டன் அழுத்தும்வரை தூங்கும். உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் சேர்ந்தால்தான் எழும். டச் அப்படியில்லை. உங்கள் விரல் எப்போது வரும் என்று தெரியாததால், ஒரு நொடிக்குப் பல முறை கண்ணாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 24 மணி நேரமும், வீட்டில் யாருமே இல்லாதபோதும். இந்தக் காவல் வேலைக்கு சராசரி 20 மைக்ரோ ஆம்பியர் ஆகிறது என்று வைத்தால், அதுவே செல்லை 15 மாதத்தில் முடித்துவிடும்.

அடுத்து, விளக்கு எரிகிறதா இல்லையா என்று பேனல் காட்ட வேண்டும் என்கிறோம். அப்படியானால் அது அவ்வப்போது விழித்து "ஏதாவது செய்தி வந்ததா?" என்று நெட்வொர்க்கைக் கேட்க வேண்டும். எல்லாம் சேர்ந்து சராசரி 100 மைக்ரோ ஆம்பியரைத் தொட்டால் 94 நாள். சரியாக அந்த மூன்று மாதம்!

இருட்டில் இடம் தெரிய ஒரு குட்டி நீல விளக்கு வேண்டும் என்று கேட்டால் கதை முடிந்தது. இரண்டே மில்லி ஆம்பியர் இழுக்கும் எல்இடி எப்போதும் எரிந்தால், அந்தச் செல்லுக்கு ஐந்து நாள் ஆயுள். அதனால்தான் செல் பேனல்களில் கை பட்ட பிறகுதான் வெளிச்சம் வருகிறது. இருட்டில் சுவிட்ச் எங்கே என்று தேடுகிற முதியவருக்கு, சுவிட்ச் கிடைத்த பிறகு வெளிச்சம் காட்டும் பேனலால் என்ன பயன்?

திரை வைத்த பெரிய பேனல்கள் வேறு ரகம். அவற்றில் போனில் இருப்பது போன்ற லித்தியம் அயான் பேட்டரி இருக்கும். 2,000 மில்லி ஆம்பியர் மணி என்று அட்டையில் போட்டிருந்தால் பெரிதாகத் தெரியும். ஆனால் திரையும் வைஃபையும் சேர்ந்து சராசரி 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், 40 மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி சார்ஜ் போட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலி. வைஃபை சிப் பேசும்போது மட்டும் நூறு மில்லி ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். செல்லில் ஓடும் பேனலுக்கு ஜிக்பீ, திரெட் போன்ற சிக்கனமான ரேடியோக்கள் உருவானதே இதனால்தான். வைஃபை பேனலை செல்லில் ஓட்டுவது யானையைக் கட்டிக் கிண்ணத்தில் தீனி போடுவது மாதிரி.

64 சதவீதம் என்பது பொய்யா?

முழுப் பொய் இல்லை, ஊகம். பேனல் தன் செல்லின் வோல்டேஜைப் பார்த்துத்தான் சதவீதத்தை ஊகிக்கிறது. காசு வடிவ லித்தியம் செல்லின் வோல்டேஜ் ஆயுளில் பெரும்பகுதி கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். கடைசியில் மளமளவென்று சரியும். மொட்டை மாடித் தரை போலச் சமமாகப் போய், திடீரென விளிம்பு வந்துவிடும். விளிம்புக்கு இரண்டடி முன்னால்கூட "நல்லா இருக்கேன்" என்றுதான் செல் சொல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செல் பழசாகும்போது அதன் உள் தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது 2.9 வோல்ட் காட்டும் செல், ரேடியோ விழித்து ஒரு மடக்கு மின்சாரம் இழுத்தவுடன் சட்டென்று இறங்கிவிடும். சிப் அணைந்து மறுபடி எழும். எழுந்தவுடன் நெட்வொர்க்கில் மறுபடி சேர முயலும். சேர்வதற்கு இன்னும் அதிக மின்சாரம் வேண்டும். மறுபடி அணையும். மிச்சமிருந்த செல் இந்த ஆட்டத்திலேயே முடியும். ஆப்பில் கடைசியாக வந்த நல்ல சேதி மட்டும் அப்படியே நிற்கும்.

கரண்ட் போனால் செல் ஏன் தீர வேண்டும்?

விற்பவர்கள் பெருமையாகச் சொல்வது, "கரண்ட் போனாலும் பேனல் வேலை செய்யும் சார்." செய்யும். யாரிடம் பேசும் என்பதுதான் கேள்வி.

ஜிக்பீ வீட்டில், மின்சாரத்தில் ஓடும் பல்பும் பிளக்கும் மற்றவர்களின் செய்திகளைக் கைமாற்றிவிடும் வேலையையும் செய்கின்றன. செல்லில் ஓடும் பேனல் அவற்றில் ஒன்றைத் தன் 'பெற்றோர்' ஆக வைத்துக்கொண்டு தூங்கி எழும். அந்தப் பெற்றோர் காணாமல் போனால், பேனல் வேறு துணை தேடி ரேடியோவை மறுபடி மறுபடி எழுப்பும். நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் கொஞ்சம் தேடிவிட்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். மலிவான பேனல் விடிய விடியத் தேடும்.

கோடையில் கரண்ட் கட் வரும்போதெல்லாம் வீடு முழுவதும் இந்தத் தேடல் நடக்கிறது. கரண்ட் கட் தேவையே இல்லை, வழக்கப்படி அம்மா தூங்கப்போகும் முன் பழைய சுவிட்சை அணைத்தாலே போதும், அதோடு ஸ்மார்ட் பல்பும் செத்து அதைப் பெற்றோராக நம்பியிருந்த பேனல்களும் அனாதையாகிவிடும். "யார் அந்த சுவிட்சை ஆஃப் பண்ணது?" என்று பிள்ளைகள் போனில் கத்துவது இதனால்தான். சுவிட்சை அணைப்பது குற்றமாகிவிட்ட வீட்டை ஸ்மார்ட் வீடு என்று எப்படிச் சொல்வது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது, மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் வராததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. இப்படிப்பட்ட ஊரில் வீட்டு விளக்கு எரிய, ரூட்டர், ஹப், இன்டர்நெட், பேனலின் செல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது அசட்டுத் துணிச்சல். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களில் பலர் ஃபேனையும் விளக்கையும் அதில் கொடுத்திருப்பார்கள். ரூட்டரும் ஹப்பும் அந்த லைனில் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. இல்லாவிட்டால் இன்வெர்ட்டரில் விளக்கு எரியத் தயாராக இருந்தும், அதை எரியச் சொல்ல ஆள் இருக்காது.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. காசு செல்கள் வெப்பத்தை ஓரளவு தாங்கும். சார்ஜ் ஏற்றும் லித்தியம் அயான் பேட்டரி தாங்காது. முழு சார்ஜில், 40 டிகிரி சூட்டில் ஒரு வருடம் இருந்தால் அதன் கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். மேற்கு பார்த்த சுவர், சித்திரை வெயில், காந்தத் தட்டில் எப்போதும் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேனல். பேட்டரியைக் கொல்ல இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா? கொல்வது மட்டுமல்ல, வீங்கவும் செய்யும். பேனலின் கண்ணாடி லேசாகத் தூக்கினால், அமுக்கி ஒட்டப் பார்க்காதீர்கள். சார்ஜை எடுத்துவிட்டு, கழற்றி, எரியும் பொருட்கள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு விற்றவரைக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி மழையில் கண்ணாடிமேல் படியும் ஈரத்தை விரல் என்று நினைத்து விழிக்கும் பேனல்களும் உண்டு. பல்லியும் கணக்கில் சேரும். சிரிக்க வேண்டாம். 2018-ல் ஹவாயில் கடல்நாய்களுக்கான ஒரு மருத்துவமனையிலிருந்து ஓயாமல் போன் அழைப்புகள் போய்க்கொண்டே இருக்க, பிறகுதான் தெரிந்தது, டச் போனின் திரையில் ஏறி நின்ற பல்லிதான் அத்தனை பேரையும் அழைத்தது என்று. நம் ஊர் டியூப்லைட் அடியில் எத்தனை பல்லி என்று எண்ணிப் பாருங்கள்.

வெண்ணெய் போர்டுக்குள்ளேயே இருக்கிறது

இத்தனை தொல்லைக்குப் பிறகும் ஏன் செல் பேனலை விற்கிறார்கள்? "சுவரை உடைக்க வேண்டாம்" என்ற ஒரே வாசகத்துக்காக. அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் சொல்வார்கள்: நியூட்ரல் இல்லை.

சுவிட்ச் என்பது ஃபேஸ் ஒயரை வெட்டிச் சேர்ப்பது. பழைய சுவிட்சுக்கு அது போதும். ஆனால் சுவிட்சுக்குள் ஒரு சிப் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டுமானால், மின்சாரம் போய்த் திரும்ப நியூட்ரல் ஒயரும் வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகளின் பல வீடுகளில் விளக்கு சுவிட்ச் தனிப் பெட்டியில் இருக்கும், அதற்குள் நியூட்ரல் வராது. அங்கே இது நிஜமான பிரச்சினை. நியூட்ரல் இல்லாமலே ஓடும் சுவிட்சுகளும் இருக்கின்றன. அவை விளக்கு வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டு உயிர் பிழைக்கும். சின்ன எல்இடி பல்பு போட்டால் அணைத்த பிறகும் மினுக்கும்.

நம் ஊர் ஸ்விட்ச் போர்டை நினைத்துப் பாருங்கள். நாலு சுவிட்ச், ஒரு ஃபேன் ரெகுலேட்டர், ஓரத்தில் ஒரு பிளக் பாயின்ட். அந்தப் பிளக் பாயின்ட் வேலை செய்ய நியூட்ரல் கட்டாயம் வேண்டும். அதாவது நம் வீடுகளில் பெரும்பாலான போர்டுகளுக்குள் ஃபேஸும் நியூட்ரலும் பக்கத்துப் பக்கத்தில் 230 வோல்ட்டோடு காத்திருக்கின்றன. அந்தப் போர்டுக்கு நாலு அங்குலம் தள்ளி, மூன்று வோல்ட் செல் போட்ட பேனலை ஒட்டிவிட்டு, செல் தீர்ந்துவிட்டது என்று மெடிக்கல் ஷாப்பிலும் வாட்ச் கடையிலும் தேடுகிறோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுதான்.

வெளிநாட்டு வீட்டுக்காகச் செய்த தீர்வை அப்படியே இங்கே இறக்கியதன் விளைவு இது. இந்தியப் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு வடிவமைத்திருந்தால், செல் பேனல் ஹாலுக்கு வந்திருக்கவே வராது.

மாற்று வழி பழசுதான், அழகில்லாதது, ஆனால் உழைக்கக்கூடியது. இருக்கிற சுவிட்சுக்குப் பின்னால், போர்டுக்குள்ளேயே வைக்கும் சின்ன ரிலே மாட்யூல். ஆப்பில் சொன்னாலும் விளக்கு எரியும், அப்பா பழைய சுவிட்சைத் தட்டினாலும் எரியும். இன்டர்நெட் போனாலும், ஹப் செத்தாலும், மகன் விமானத்தில் இருந்தாலும் எரியும். அம்மா சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் வெறும் செய்தியாகத்தான் போகும், மாட்யூலுக்குப் போகும் மின்சாரம் நிற்காது, அதனால் நெட்வொர்க்கும் கலையாது. டச் கண்ணாடிதான் வேண்டும் என்றால் அதிலும் மின்சாரத்தில் ஓடும் பேனல்கள் உண்டு, பழைய போர்டு இருந்த பெட்டியிலேயே உட்காரும். அதில் நீல விளக்கு ராத்திரி முழுவதும் எரியலாம்.

இதைச் செய்ய உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும், யூடியூப் போதாது. போர்டின் ஆழம் போதுமா, உள்ளே காற்று புழங்க இடம் இருக்கிறதா, கீஸர், ஏசி போன்ற பெரிய லோடைச் சின்ன ரிலேயில் கொடுக்காமல் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலை, கொஞ்சம் தூசி. "சுவரை உடைக்க வேண்டாம்" என்று மிச்சப்படுத்திய பணம், அப்பா இருட்டில் ஒருமுறை விழுந்தால் ஒரே நாளில் போய்விடும்.

வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் என்ன?

நியாயமான எதிர்க்கேள்வி. ஒரு பேனல் என்றால் ஒன்றும் இல்லை. ஆனால் கதவு சென்சார், அசைவு சென்சார், பூட்டு, பேனல் எல்லாம் சேர்த்து வீட்டில் 20 செல் கருவிகள் இருந்தால்? ஒவ்வொன்றும் சொன்னபடி ஒரு வருடம் உழைத்தாலும், சராசரியாக 18 நாளுக்கு ஒருமுறை ஏதோ ஒன்று 'லோ பேட்டரி' என்று அழும். அதில் பாதி சிஆர்2032, மீதி சிஆர்2450, ஒன்றில் டிரிபிள் ஏ. இதைச் செய்ய வேண்டியவர் யார்? ஆப் இருப்பது பாரிஸில். ஸ்டூல் போட்டு ஏற வேண்டியவருக்கு 74 வயது.

கடையில் போய் வாங்குவதிலும் கண்ணிவெடிகள் உண்டு. எல்ஐஆர்2032 என்று பார்ப்பதற்கு அச்சாக அப்படியே இருக்கும் சார்ஜ் செய்யக்கூடிய செல் விற்கிறது. மூன்று வோல்ட் கருவியில் அது நாலு வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும், உள்ளிருக்கும் சிப்பைக் கெடுக்கலாம், கொள்ளளவோ ஐந்தில் ஒரு பங்குதான். குழந்தைகள் விழுங்காமல் இருக்கச் சில நிறுவனங்கள் செல்லில் கசப்புப் பூச்சு தடவுகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பூச்சு தொடர்பைத் தடுக்கலாம் என்று தன் ஏர்டேக் கருவிக்கு ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. புது செல் போட்டும் எழாத கருவி எப்போதும் கெட்டுப்போனதாக இருக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால் வீட்டுச் சுவரில் பேட்டரி என்பது புதிய கண்டுபிடிப்பே அல்ல. 1866-ல் ஜார்ஜ் லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் உருவாக்கிய செல்தான் அந்தக் கால ஐரோப்பிய வீடுகளில் அழைப்பு மணியை அடித்தது. கண்ணாடி ஜாடியில் கரைசல், அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டுக்கு மின் இணைப்பு வந்த பிறகு அந்த ஜாடி மெல்ல வழக்கொழிந்துபோனது.

அட்டையில் என்ன எழுத வேண்டும்

'இரண்டு வருட பேட்டரி' என்று பெட்டியில் போட்டிருக்கும். எந்தச் சூட்டில்? ஒரு நாளைக்கு எத்தனை தொடல்? ரூட்டர் எவ்வளவு தூரம்? ஒன்றும் இருக்காது. ஃபிரிட்ஜ், ஏசிக்கு நட்சத்திரக் குறியீடு 2006-லிருந்து இந்தியாவில் இருக்கிறது. அதனால்தான் இன்று யாரும் "கரண்ட் கம்மியா இழுக்கும்" என்ற வாய்ப்பேச்சை நம்பி ஏசி வாங்குவதில்லை. செல்லில் ஓடும் வீட்டுக் கருவிகளுக்கும் அப்படி ஒரு குறியீடு வர வேண்டும்: எந்த செல், 40 டிகிரியில் எத்தனை மாதம், வீட்டுக்காரரே மாற்றலாமா, செல் போனால் விளக்கைப் போட வேறு வழி உண்டா. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேச 2022 அக்டோபரில் 'மேட்டர்' என்ற பொதுத் தரம் வந்தது. அது பேச்சுக்கான தரம். இத்தனை மாதம் பேசுவேன் என்ற உறுதி அதில் கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய கருவிகளில் உள்ள பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும், சில விலக்குகள் தவிர. இந்தியாவின் 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. மாற்ற முடிகிற மாதிரி செய்ய வேண்டும் என்ற அளவுக்கு நம் விதியும் போனால்தான், ஒட்டி மூடிய பேனலைப் பேட்டரியோடு சேர்த்துக் குப்பையில் போடும் வழக்கம் நிற்கும். அதுவரை, சொன்ன ஆயுள் வராத பேனலுக்குப் பில்லையும் விளம்பர ஸ்க்ரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தவறான விளம்பரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது.

ஏற்கெனவே மாட்டியவர்கள்

எல்லா செல்லையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. கதவு சென்சாருக்கு ஒயர் இழுப்பது வீண், அங்கே செல்தான் சரி. மாடிப்படியில் மேலும் கீழும் இருக்கும் டூ-வே சுவிட்ச் பெட்டிகளில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. வாடகை வீட்டில் போர்டைத் திறக்க ஓனர் விடமாட்டார். இப்படிப்பட்ட இடங்களில் செல் போட்ட பட்டன் வைக்கலாம். டச் வேண்டாம், அழுத்தும் பட்டன். செல்லே இல்லாத ரகமும் உண்டு. 2001-ல் ஜெர்மனியின் சீமென்ஸிலிருந்து பிரிந்து உருவான என்ஓஷன் நிறுவனத்தின் நுட்பத்தில், விரல் அழுத்தும் விசையே ரேடியோ செய்திக்குத் தேவையான மின்சாரத்தை உண்டாக்கிவிடும். விலை அதிகம், டக்கென்று சத்தம் வரும், தீர்ந்துபோக ஒன்றும் இல்லை.

டச் பேனலையே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் படுக்கையறை, பாத்ரூம், படிக்கட்டு ஆகிய மூன்று இடத்தின் பழைய சுவிட்சைத் திரும்ப வேலை செய்ய வையுங்கள். கை அருகில் வந்தாலே விழிக்கும் வசதி, அதிர்வு, பீப் சத்தம் எல்லாவற்றையும் ஆப்பில் அணையுங்கள். பேனலுக்கும் ஹப்புக்கும் நடுவே, யாரும் அணைக்காத ஒரு ஸ்மார்ட் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். பேனல் அலைந்து தேடுவது குறையும். ரூட்டரும் ஹப்பும் அதே லைனில் இருக்கட்டும். சதவீதத்தை நம்பாமல் பொங்கலுக்கு ஒருமுறை, ஆடியில் ஒருமுறை என்று தேதி வைத்து செல்லை மாற்றிவிடுங்கள்.

எடுத்த பழைய செல்லை மேஜைமேல் வைக்காதீர்கள். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் காசு, குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும். 2022-ல் அமெரிக்கா 'ரீஸ் சட்டம்' என்று தனிச் சட்டமே கொண்டுவந்து, செல் அறைகளைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்யச் சொன்னது இதனால்தான். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரி. பழைய செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, தனி டப்பாவில் போட்டு, வீட்டுக் குப்பையோடு சேராமல் கொடுங்கள். விதிப்படி அது நுகர்வோரின் வேலை. டப்பா நிரம்புகிற வேகத்தைப் பார்த்தாலே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போர்டைத் திறக்கச் சொல்லும் நாள் எப்போது என்று தெரிந்துவிடும்.